சால்வை விழுந்த இடத்தில் ஓர் எண்ணிக்கை

ஒரே பாட்டு என் லேப்டாப்பில் இரண்டு கோப்புகளாகக் கிடக்கிறது. ஒன்று பதினோரு நிமிஷம். ஒரகடத்தில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஒன்றில், ஆயுத பூஜை அன்று, மின்சாரப் பெட்டியின் மேல் வைத்த செல்போனில் பதிவானது. அதில் எங்களைவிட மின்சாரப் பெட்டி நன்றாக வாசித்திருக்கும். இன்னொன்று எட்டு நிமிஷம். குன்றத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கும். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே இரண்டு வருஷம். இரண்டாவது முடிந்த சில மாதத்தில் எனக்கு இருந்த ஒரே நெருங்கிய நண்பன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையே மூன்று வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. அவனுக்குத் தலைக்கனம்."

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் செய்த கோமாளித்தனம் புரியாது. நான் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளன். மேஜையின் இடது பக்கம் மாஸ்டர் சாம்பிள் இருக்கும். லைனிலிருந்து வரும் பாகத்தை எடுத்து அதோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் ஓகே. போகாவிட்டால் என்.ஜி., அதாவது நாட் குட். சிவப்புத் தொட்டியில் போடு. பன்னிரண்டு வருஷமாக இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. ஒருநாள் பழக்க தோஷத்தில் தோசையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் உப்புமா. அதை ஒப்பிட சாம்பிள் கிடையாது.

அந்த நண்பன் பென்னலூர்க்காரன். ஐ.டி.ஐ.யில் என் பெஞ்சு. பிரஸ் ஆபரேட்டராகப் போனான். கிட்டாரைத் தானே கற்றுக்கொண்டவன். எனக்கு பேஸ் கிட்டாரைக் கையில் கொடுத்தவனும் அவன்தான். "நாலே கம்பிதான் மச்சி. உன் மூளைக்கு அது போதும்" என்றான். டிரம்ஸுக்குத் தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்த ஒருவன் கிடைத்தான், ஊர் சர்ச்சில் வாசித்துப் பழகியவன். மூன்று பேரும் மூன்று கம்பெனி. ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். ஒருவன் பஸ் ஏறும்போது இன்னொருவன் இறங்குவான், மூன்றாமவன் தூங்குவான். மூவரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்த நாட்களைக் கைவிரலில் எண்ணலாம், கட்டை விரல் மிச்சமிருக்கும்.

நாங்கள் வாசித்தது ப்ரோக்ரசிவ் மெட்டல். கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டில் பத்து நிமிஷம் பாத்திரம் பறக்கும் சண்டை நடப்பது போல இருக்கும், ஆனால் எந்தப் பாத்திரம் எந்த நொடியில் விழ வேண்டும் என்று கணக்கு உண்டு. எங்கள் பாட்டின் நடுப்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடும். அந்த ஏழை அவன் பிரஸ் மெஷினிலிருந்து எடுத்தான். தகட்டை வை, கையை எடு, பட்டனை அமுக்கு, இறங்கும், ஏறும், உருவு, போடு. ஒரு ஷிஃப்ட்டில் ஆயிரக்கணக்கில் இதைச் செய்பவனுக்கு எட்டு என்றால்தான் ஆச்சரியம். எனக்கு ஏழு பிடிபடாது. வாசிக்கும்போது உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே இருப்பேன். பார்ப்பவர்கள் நான் மந்திரம் சொல்வதாக நினைத்திருக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு அவன் கம்பெனியில் எங்களுக்கு மேடை கிடைத்தது. அந்த ஒருநாள்தான் மெஷின் எல்லாம் நிற்கும், மூன்று ஷிஃப்ட்டும் ஒன்றாக நிற்கும். பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஃபோர்க்லிஃப்ட் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். எல்லோர் கையிலும் பொரிப் பொட்டலம். எச்.ஆர். அதிகாரி முன்னாலேயே சொல்லிவிட்டார்: "சினிமாப் பாட்டு மட்டும் தம்பி. ஃபேமிலி எல்லாம் வந்திருக்காங்க." இரண்டு சினிமாப் பாட்டு வாசித்தோம். மூன்றாவதாக அவன் மைக்கில், "இதுவும் படத்துல வந்ததுதான், படம் இன்னும் ரிலீஸ் ஆவல" என்று சொல்லிவிட்டு எங்கள் பாட்டை ஆரம்பித்துவிட்டான்.

அந்த மாதிரிப் பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. முடிந்தது போல நிற்கும், முடிந்திருக்காது. முதல்முறை நின்றபோது ஜனங்கள் கை தட்டினார்கள். பிளான்ட் ஹெட் எங்களுக்குப் போடப் பொன்னாடையோடு எழுந்து வந்தார். டமார் என்று மறுபடி ஆரம்பித்தது. அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். இரண்டாவது முறை நின்றது. கைதட்டல். எழுந்தார். டமார். யாரோ ஒரு அம்மா, "இன்னும் முடியலயாம்மா இவுங்களுக்கு?" என்று கேட்டது பதிவில் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது தடவை அவர் ஏமாறவில்லை. மேடையிலேயே, என் பின்னாலேயே, பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பொறுமை எல்லை கடந்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் தோளில் போட்டார். சரிகை சால்வை, நல்ல கனம். வழுக்கி என் இடது கை மேல் விழுந்தது. விழுந்த கையோடு வாசித்தேன். சரியாக அங்கிருந்துதான் அவனுடைய கிட்டார் தனி, அதாவது சோலோ, ஆரம்பம்.

அதற்கு முன்பு ஒத்திகையில் அவன் அந்தத் தனியை நூறு முறை வாசித்துக் கேட்டிருக்கிறேன். அன்று வாசித்தது அது இல்லை. முதல் சுரத்தையே இழுத்தான். இழுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான். இழுத்த சுரம் உடைகிற நேரத்தில் அதன் அடியிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது, நாங்கள் யாரும் கேட்டிராதது. பன்னிரண்டு சுற்று. பொரி கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோனது என்று சொன்னால் மிகை, ஆனால் எச்.ஆர். அதிகாரி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். அது இன்னும் பெரிய விஷயம்.

முடிந்து, சுண்டல் தொன்னையோடு சைக்கிள் ஷெட்டில் நின்றோம்.

"பாத்தியா மச்சி," என்றேன், "கை மேல சால்வ விழுந்தும் ஒரு கவுண்டு விடல நானு."

அவன் சுண்டலை மென்றான். "ஆமா மச்சி. கல்லு மாறி நின்ன."

டிரம்மர் தூத்துக்குடிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என்னல, அங்க..." நண்பன் டிரம்மரின் தொன்னையில் ஒரு கைப்பிடிச் சுண்டலைக் கொட்டி, "துன்னுடா, ஆறிடப் போவுது" என்றான். அதோடு அந்தப் பேச்சு போயிற்று.

சால்வைக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. கேன்டீனில் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரிடம் சொன்னேன். அவர் பாட்டுப் பற்றி எதுவும் கேட்கவில்லை, பொன்னாடை போட்டார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டார். என் கல்யாணத்துக்கு அந்தச் சால்வையும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். கதை சொல்லும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். "ஆமாங்க, கல்லு மாறி."

இரண்டு வருஷம் கழித்து ஸ்டுடியோவில் பதிவு செய்ய முடிவானது. குன்றத்தூரில் ஒரு மாடி அறை, சுவரெல்லாம் பஞ்சு. கீழே தெருமுனையில் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் பதிவு. இதற்கு நடுவில் ஷிஃப்ட் வேறு. மூவரும் ஒன்றாக வர வழியே இல்லை. முதலில் டிரம்மர் ஒரு ஞாயிறு வந்து, காதில் டிக் டிக் என்று ஓடும் கணக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தன் பங்கை வாசித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் நான். ஆறு மாதம் அசுர சாதகம் செய்திருந்தேன். ஏழு என்றால் ஏழு, ஒன்று பிசகவில்லை. சவுண்ட் எஞ்சினியர், "சார், மெஷின் மாதிரி வாசிக்கிறீங்க" என்றார். அது பாராட்டா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கடைசியாக அவன். ஏ ஷிஃப்ட் முடித்த வாரம், ஒரு ஞாயிறு காலை. அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கம் எஞ்சினியர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. ஆய்வாளனுக்கு நாற்காலியைப் பார்த்தால் உட்காரத் தோன்றும். அவனோடு பேச ஒரு மைக்கும் இருந்தது, பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும். குரங்கு கையில் பூமாலை கொடுத்தது போலத்தான்.

அவனே பாடும் பகுதி எல்லாம் நன்றாகப் போயிற்று. தனி வந்தது. ஒத்திகையில் வாசிப்பானே, அந்தப் பழைய தனியை வாசித்தான்.

நான் பொத்தானை அமுக்கினேன். "மச்சி, இது இல்ல. ஆயுத பூஜைக்கு வாசிச்சது."

"அது அன்னிக்குதான் மச்சி. இதான் பாட்டோட தனி."

"அதெல்லாம் இல்ல. அதான் மாஸ்டர் சாம்பிள்." சொல்லிவிட்டு என் போனில் இருந்த பதிவை மைக்குக்கு நேராக வைத்து ஓடவிட்டேன். மின்சாரப் பெட்டி, பொரி, அந்த அம்மா, அதற்கு மேல் அவனுடைய கிட்டார்.

முழுக்கக் கேட்டான். வாசிக்க முயன்றான். இழுக்கும் சுரம் ஆறாவது எண்ணிக்கையிலேயே மூச்சு முட்டியது. "என்.ஜி." என்றேன். மறுபடி. சுரத்தை முழுசாக இழுத்தான், அடுத்த சுற்றுக்குள் தாமதமாக விழுந்தான். "என்.ஜி." மறுபடி. "என்.ஜி. மச்சி."

"இங்க எடம் பத்தல மச்சி" என்றான்.

"அன்னைக்குப் பத்துச்சே?"

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கீழே மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியதால் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவன் ஏதாவது சொல்ல நினைத்திருந்தால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. மேளம் ஓய்ந்ததும், "அன்னிக்கு வேற" என்று மட்டும் சொன்னான்.

முப்பத்தெட்டு முறை. எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலைப் பழக்கத்தில் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. முப்பத்தெட்டாவதுக்குப் பிறகு அவன் கிட்டாரைத் துடைத்தான், பையில் வைத்தான். "நாளைக்கு ட்யூட்டி கீது மச்சி. நீங்க பாத்துக்கங்க" என்றான். முகத்தில் கோபம் இல்லை. அதனால் நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டோம். எஞ்சினியர் முப்பத்தெட்டுத் துண்டிலிருந்து நல்லதாகத் தெரிந்ததை வெட்டி ஒட்டினார். அந்த நீண்ட சுரம் எப்படியும் அடங்கவில்லை. கடைசியில் அதன் வாலை நறுக்கி, நறுக்கியது தெரியாமல் தேய்த்துவிட்டார். ஸ்டுடியோ பிரதியைக் கேட்டால் இப்போது எனக்குத் தெரிகிறது: பேசிக்கொண்டிருப்பவன் வாயை யாரோ பொத்தியது போல அந்த இடம் நிற்கிறது. அப்போது, "சூப்பர், ஓகே" என்றேன்.

பாட்டை இணையத்தில் போட்டோம். எங்கள் அளவுக்குச் சுமாராகப் போயிற்று. தனியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அவன் மட்டும் அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஒத்திகைக்குக் கூப்பிட்டால் ஓவர்டைம் என்றான், அடுத்த வாரம் என்றான், பிறகு போனை எடுப்பது நின்றது. வாட்ஸப் குழுவிலிருந்து ஒருநாள் வெளியே போனான். டிரம்மர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். என் நண்பன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, தபாலில். ஐ.டி.ஐ. காலத்திலிருந்து என் தட்டில் கை போட்டுச் சாப்பிட்டவன், பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தான். நான் போகவில்லை. ட்யூட்டி என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்று எனக்கு வார விடுப்பு. வீட்டில் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தேன். மனைவி கேட்டதற்கு, "அவன் கல்யாணத்துல டமார் டமார்னு மூணு தடவ தாலி கட்டுவான், முடியறதுக்குள்ள பந்தி தீந்துடும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம் நேரடிப் பதிவையும் இணையத்தில் ஏற்றினேன். வேறு வேலை இல்லாமல்தான். இரண்டு நாளில் யாரோ ஒரு தம்பி எழுதியிருந்தான். "அண்ணா, லைவ்ல தனி ஆரம்பிக்கிற எடத்துல ஒரு எட்டு வருதே, ஸ்டுடியோல ஏன் எடுத்துட்டீங்க? அதான்னா பாட்டோட உசுரு."

எட்டா? எங்கள் பாட்டில் எட்டா? அவனுக்குப் பாடம் எடுப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, லேப்டாப்பில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மின்சாரப் பெட்டியின் ரீங்காரத்தை முடிந்தவரை வடிகட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கண்டபடி எழுதியிருக்கும் தம்பிக்குப் பதில் வரிகூடத் தயாராக இருந்தது: முதலில் எண்ணக் கற்றுக்கொள்.

ஏழு. ஏழு. ஏழு. கைதட்டல். ஏழு. ஏழு. எட்டு.

திரும்ப ஓடவிட்டேன். எட்டு. வேகத்தை இன்னும் குறைத்தேன். எட்டு. சரி, கிட்டாரில் அவன்தான் தவறு செய்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். பிறகு கிட்டாரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸைக் கேட்டேன். இந்தப் பாட்டை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இந்த இடத்தில் என்னை நான் கேட்டதே இல்லை. சாம்பிளைப் பார்ப்பவன் தன் கையைப் பார்ப்பதில்லை.

சால்வை விழுந்த இடத்தில் பேஸ் ஒரு எண்ணிக்கை நிற்கிறது. நின்று, ஒரு எண்ணிக்கை தள்ளி, திருதிருவென்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட குழந்தை மாதிரி. டிரம்ஸ் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கிட்டாரும் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதல் சுரத்தை இழுத்துப் பிடித்து, ஒரு எண்ணிக்கை காத்திருக்கிறது. நான் வந்து சேரும்வரை. டிரம்மர் அவனைப் பார்த்துத் தானும் ஒரு அடி கூடுதலாக அடித்துச் சேர்ந்துகொள்கிறான். அதற்குப் பிறகு அவன் வாசித்த அந்தப் பன்னிரண்டு சுற்றும், நான் மறுபடி தொலையாமல் இருக்க, ஒவ்வொரு சுற்றின் முதல் அடியையும் எனக்குக் கேட்கும்படி அழுத்தி அழுத்தி வாசித்தது. அழகுக்காக இல்லை. வழி காட்டுவதற்காக.

இதைத்தான், எட்டு இல்லாத, நான் தொலையாத ஒரு பதிவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, முப்பத்தெட்டு தடவை திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

மனைவி காபி வைத்துவிட்டுப் போனாள். மேலே பாலாடை கட்டிய பிறகுதான் எடுத்துக் குடித்தேன். மறுநாளே விசாரித்தேன். அவன் இப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் வேறு கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருக்கிறான், பி ஷிஃப்ட்டுக்கு மத்தியானம் பஸ் நிறுத்தத்துக்கு வருவான் என்று தெரிந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

டீக்கடை நிழலில் நின்றிருந்தான். நீல யூனிஃபார்ம், கையில் சாப்பாட்டுப் பை. முன்பக்க முடி கொஞ்சம் ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் ஒருமுறை பஸ் வரும் திசைக்குப் போய்த் திரும்பியது.

"இன்னா மச்சி, இந்தப் பக்கம்?"

"உன்னதான்டா பாக்க வந்தேன்."

"தொப்ப போட்டுட்ட."

"இது சீனியாரிட்டி" என்றேன். மெதுவாகச் சிரித்தான். இரண்டு டீ சொன்னேன். குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். பெண், நடக்க ஆரம்பித்திருக்கிறாள் என்றான். கிட்டாரைக் கேட்டேன். மேலே கட்டி வைத்திருக்கிறது, ஒரு கம்பி இல்லை என்றான். அதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை.

"மச்சி, ஆயுத பூஜை அன்னைக்கு நான்தான் விட்டேன். சால்வ விழுந்தப்ப. இப்பதான் எண்ணிப் பாத்தேன்."

டீயை ஊதினான். "எத்தினி வருசம் கயிச்சி எண்ணிக்கீற."

"உனக்குத் தெரியும்ல?"

"பக்கத்துல நின்னுகினு இருந்தேன், தெரியாதா?"

"ஏன்டா சொல்லல? ஸ்டுடியோல முப்பத்தெட்டு தடவ என்.ஜி. சொன்னேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, டேய் நீ அன்னைக்குத் தப்பு பண்ணடான்னு?"

"இன்னான்னு சொல்றது? ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச. உன் மாமனார்கிட்ட சொன்ன. நான் சாட்சி வேற சொல்லிட்டேன், கல்லு மாறி நின்னான்னு." தோளைக் குலுக்கினான். "அந்த ஒண்ணுலதான் நீ பெரிய வாசிப்புக்காரன்னு நெனச்சிக்கினு இருந்த. அதப் போய் நான் ஏன் புடுங்கணும்?"

டீ கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நடுரோட்டில், இரண்டு கம்பெனி ஆட்கள் பார்க்க, தொப்பையோடு அழுவது நன்றாக இருக்காது. கிளாஸை இறக்கி, "தப்புதான் மச்சி. மன்னிச்சிரு. அதுக்காக இப்டிப் பேசாமப் போயிடுவியா?" என்றேன்.

"அதுக்கு இல்ல."

"பின்ன?"

டீ கிளாஸை வைத்தான். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அன்னிக்கு ஸ்டுடியோலந்து நான் கெளம்பிப் போயி, பாதி வயில ஐ.டி. கார்டு உள்ளவே மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். கதவு கொஞ்சம் தொறந்து இருந்துச்சு. அந்த எஞ்சினியரு உன்ன கேட்டாரு, இவ்ளோ டேக் கீதே, எத வெச்சிக்கலாம்னு. நீ இன்னா சொன்ன, ஞாபகம் கீதா?"

இல்லை. சத்தியமாக இல்லை. நான் ஒரு நாளைக்கு நாற்பது ஜோக் அடிக்கிறவன். அடித்ததை வைத்துக்கொள்வதில்லை.

அவன் வைத்திருந்தான். என் குரலிலேயே சொன்னான், நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி. "சார், இது புதுப்பேட்டை காயலான் கடைக்குப் போவ வேண்டிய வண்டி சார். முழுசா ஓடாது. கழட்டிடுங்க." ஒரு சின்ன இடைவெளி. "ஹாரன் மட்டும் நல்ல வெலைக்குப் போவும்."

நான் சிரித்துவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. அது வாயிலிருந்து வந்துவிட்டது, தும்மல் வருவது போல. அரை நொடிகூட இருக்காது. நல்ல ஜோக், அந்த இடைவெளி சரியாக இருந்தது, யார் சொன்னாலும் சிரித்திருப்பேன். உடனே வாயை மூடிக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்காக மூன்று வருஷம் விலகியிருந்தானோ, அது அப்படியே எதிரில் நிற்பதைப் பார்ப்பவன் போல.

"மச்சி, அது வந்து..."

"வுடு" என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு. அந்தாளும் அப்டித்தான் சிரிச்சாரு."

பஸ் வந்துவிட்டது. நான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தேன், நேரடிப் பதிவைக் காட்ட, அந்த எட்டாவது எண்ணிக்கையை அவனுக்குக் கேட்கவைக்க. யாருக்கு, எதை? அவன் வாசித்ததை அவனுக்கே. பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துக்கொண்டேன். அவன் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "வரேன் மச்சி, பொண்டாட்டிய கேட்டேன்னு சொல்லு" என்று ஏறிவிட்டான்.

ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது அவனுக்கு. கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏ.சி. பஸ். பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார், யாரு என்றுதான் கேட்டிருப்பார். அவன் என்னைப் பார்த்தான். பதில் சொன்னான். சின்னப் பதில், ஒரே சொல். உதடு அசைந்தது தெரிந்தது, சொல் தெரியவில்லை. 'ஃப்ரெண்டு' என்றிருக்கலாம். 'தெரிஞ்சவர்' என்றும் இருக்கலாம். பஸ் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்று இரண்டையும் மாற்றி மாற்றி என் உதட்டில் சொல்லிப் பார்த்தேன். டீக்கடைக்காரர், "என்ன சார், எதுனா வேணுமா?" என்று கேட்டார்.